லில்லிக்கு வால் கட்டுதல்

வாலை நுனியிலிருந்துதான் சீவ வேண்டும். நுனியில் இரண்டு விரல்கடை, சிக்கு விட்டதும் இன்னும் இரண்டு விரல்கடை மேலே, அப்படியே ஏறிக்கொண்டே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலேயிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து இறுகி, லில்லி பின்னங்காலைத் தூக்கிவிடும். ஜெசிந்தாவின் கைக்கு இது தெரியும். கையை அதன் போக்கில் விட்டுவிட்டு அவள் தொண்டைக்குள் ஒரு பேச்சை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னங்க, ஒண்ணு சொல்லணும். இல்லை, அப்படி ஆரம்பித்தால் மிக்கேல் "ம், சொல்லு" என்பான், அந்த "சொல்லு"விலேயே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்னங்க, லில்லிய அங்க கொண்டு போக வேணாம். இது ரொம்ப நேராக இருக்கிறது, கல்லை விட்டெறிந்த மாதிரி. அஞ்சாம் வகுப்பில் டீச்சர் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் விடை வாய்க்குள் இருக்கும், கழுத்து வேர்க்கும், பக்கத்துப் பெண் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கொட்டகைத் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ரோட்டில் மிக்கேலின் குரல் கேட்டது, குட்டியானை லோடு வண்டிக்காரன் குமரவேலின் சிரிப்பும் கேட்டது. பலகை தேடுகிறார்கள், லில்லி வண்டியில் ஏறுவதற்குச் சரிவாகப் போட ஒரு பலகை. இன்றைக்கு லில்லியைப் பண்ணைக்காட்டுப் பக்கம் தனபால் வைத்திருக்கிற பெரிய ஆண் குதிரையிடம் கொண்டு போகிறார்கள். லில்லிக்கு இது முதல் தடவை. "வாலைக் கழுவி, சீவி, துணி சுத்திக் கட்டி வை புள்ள," என்று காலையில் சொன்னான் மிக்கேல். "எதுக்குங்க?" என்று கேட்டதற்கு, "ரோமம் நடுவுல மாட்டினா ஆம்பளக் குதிரைக்கு அறுத்துரும்ல" என்றான். ஆம்பளக் குதிரைக்கு அறுத்துவிடக் கூடாது. அதற்காகத் துணி. அவள் மிக்கேலின் பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்துத் தோளில் போட்டிருந்தாள், துணி கிழிந்த சத்தத்துக்கு லில்லி ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கொள்ளுத் தின்னப் போய்விட்டது, தனக்குத்தான் இதெல்லாம் நடக்கிறது என்று தெரியாமல். வீட்டுக்குள் தூளியில் ஷைனி தூங்குகிறாள். எழுந்தால் பாலுக்கு அழுவாள், மார் இப்போதே கனத்துக் கிடக்கிறது. அவள் எழுவதற்குள் சொல்ல வேண்டும், பலகை கிடைப்பதற்குள் சொல்ல வேண்டும், என்னங்க.

அந்தக் குதிரையை அவள் நேரில் பார்த்ததில்லை. போனில்தான் பார்த்தாள். மிக்கேல் அடுப்படிக்கே கொண்டுவந்து காட்டினான், வெங்காயம் நறுக்கின கண்ணோடு பார்த்தாள். செம்பழுப்பு நிறம், நாலு காலிலும் முழங்கால்வரை சுண்ணாம்பில் முக்கி எடுத்தாற்போல வெள்ளை, நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைப் பட்டை. "பஞ்சகல்யாணி புள்ள! ஆயிரத்துல ஒண்ணு. நெத்திச் சுழி பாரு, ரெண்டு சுழி மேலயும் கீழயும். இந்தச் சுழி விழுந்த குதிரை நிக்கிற வீட்டுல விளக்கு அணையாதுன்னு தனபாலண்ணே சொல்றாரு. வைரம்னு பேரு." அவன் விரலால் சுழியைப் பெரிசு பண்ணிக் காட்டினான், சுழி தண்ணீர் வடிகிற ஓட்டை மாதிரி இருந்தது. அவள் கண் சுழியில் நிற்கவில்லை. ஓரத்தில் தனபால் நின்றிருந்தார், தொப்பியோடு, நல்ல ஆறடி ஆள், அவர் தோள் அந்தக் குதிரையின் முதுகுக்குக் கீழே இருந்தது. லில்லியின் முதுகு ஜெசிந்தாவின் மாருக்கு வரும். ஜெசிந்தாவோ, கல்யாணத்தில் போட்டோக்காரன் "பொண்ணுக்கு ஒரு முக்காலி போடுங்கப்பா" என்று சொன்ன உயரம். எல்லாரும் சிரித்தார்கள், முக்காலி போட்டார்கள், போட்டோவில் முக்காலி தெரியாது. நேற்றுச் சாயங்காலம் தனபாலே வந்திருந்தார், லில்லியைப் பார்க்க. அவள் டீயை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தபோது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மிக்கேலு, குதிரைன்னு சொன்னே, பெருச்சாளிய கட்டி வச்சிருக்க." "அண்ணே, சும்மா ஓட்டாதீங்க. ஏரியைச் சுத்தி இவ மாதிரி மிதமா நடக்க ஒரு குதிரை கிடையாது." "நடக்கட்டும்டா. எங்க வைரம் மேல ஏறணுமே, அதுக்கு என்ன பண்ணுவ?" குமரவேல் குறுக்கே விழுந்து, "குழி தோண்டிருவோம்ணே, வைரத்தைக் குழிக்குள்ள எறக்கிருவோம்" என்றான். தனபால் தொடையில் தட்டிச் சிரித்தார். "குழியெல்லாம் வேணாம். எங்க தோட்டத்துல ஒரு மேடு இருக்கு. இவள மேட்டுல நிறுத்து, அவன் பள்ளத்துல நிப்பான். கணக்கு சரியாப் போயிரும். எத்தனை மட்டக்குதிரைய அப்படிச் சேர்த்துருக்கேன்." அவள் கதவுநிலைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். டம்ளர் கையைச் சுட்டது. இந்த மாதிரிப் பேச்சுக்கு நடுவில் எப்படிப் போய் டீ நீட்டுவது. ஏடு படிந்த பிறகுதான் போனாள், "என்ன தங்கச்சி, டீக்கு மாடு கறக்கப் போயிட்டியா" என்றார் தனபால், அதற்கும் சிரிப்பு. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அது அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. ஏறுவதற்கு மேடு பார்த்து வைத்திருக்கிறார்கள். குட்டி இறங்குவதற்கு? பதினொரு மாதம் கழித்து அது வெளியே வருகிறபோது எந்த மேட்டில் நிறுத்துவார்கள் லில்லியை?

சிக்கு ஒன்று விடவில்லை. முள் ஒட்டியிருக்கிறது, ஏரிக்கரைப் புல்லில் கிடக்கிற முள். சீப்பை வைத்துவிட்டு விரலால் பிரித்தாள், ஒவ்வொரு மயிராக. ஷைனி பிறந்தபோது அவளுக்கும் இப்படித்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைமயிர் சடை பிடித்துப் போயிருந்தது, தலையை இப்படியும் அப்படியும் உருட்டியதில். மலையிலிருந்து ஜீப்பில் வளைவு வளைவாகக் கீழே இறங்கும்போதே வலி வந்துவிட்டது, சாயங்காலம் போனது மறுநாள் மத்தியானம்வரை. தலை நிற்கிறது, தலை நிற்கிறது என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் சொன்னாள். யார் தலை என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் "அம்மா அம்மா" என்று கத்தினாள், ஜெசிந்தாவுக்குக் கத்த வெட்கமாக இருந்தது, சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள், பிறகு அது நூல்நூலாக வாயில் வந்தது. வயசான நர்ஸம்மா ஒருத்தி நெற்றியைத் துடைத்துவிட்டு, "கத்துடி, கத்தினா யாரும் ஒன்னைய ஜெயில்ல போட மாட்டாங்க" என்றாள். அப்போதும் கத்தவில்லை. கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். "ஆத்தாடி, என்னா தலை! ஒன் வீட்டுக்காரரு பெரிய தலையோ?" என்று அந்த நர்ஸம்மாதான் கேட்டாள், ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. மிக்கேல் பெரிய தலைதான். கல்யாணத்தில் மாலை அவன் தலையில் மாட்டி நின்றது, பிடித்து இழுத்துவிட்டார்கள். அவன் அன்றைக்கு வெளியே நின்றான், ஆம்பளைகள் உள்ளே வரக்கூடாது, வெளியே டீக்கடையில் பன் தின்றுகொண்டு நின்றான், பிள்ளையைக் காட்டினபோது அழுதான் என்று மாமியார் சொன்னார். அவள் மூன்று மாதம் நேராக உட்காரவில்லை. கொல்லைக்குப் போகிறபோதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு நாள், ஷைனிக்குக் கழுத்து நின்றபின், "அன்னைக்கு நான் செத்துருவேன்னு நினைச்சேங்க" என்று சொன்னாள். இருட்டில் சொன்னாள், முகம் தெரியாது என்பதால் சொல்ல முடிந்தது. "அதான் நல்லபடியாப் பொறந்துருச்சுல்ல," என்றான் மிக்கேல், அன்பாகத்தான் சொன்னான், அவள் தலையில் கையைக் கூட வைத்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆமாம், பிறந்துவிட்டது. ஆனால் அது அவள் சொன்னதற்குப் பதில் இல்லை, வேறு யாரோ கேட்ட எதற்கோ பதில். அந்த இருட்டில் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஷைனி கிடந்தாள், கை நீட்டினால் தொடலாம், ஆனால் அவளுக்கு ஏரியின் அக்கரையில் யாரோ படுத்திருப்பது போல இருந்தது.

முள் வந்துவிட்டது. விரலில் ஒரு பொட்டு ரத்தம், சேலையில் துடைத்துக்கொண்டாள். இனித் துணி சுற்ற வேண்டும். வாலின் அடியைக் கையில் பிடித்தால் உள்ளே எலும்பு தெரிகிறது, கட்டை கட்டையாக, விரல்கணு மாதிரி. ஒரு சுற்று. "மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்டக் கேட்டேன் புள்ள," என்று மிக்கேல் சொல்லியிருந்தான், அவள் எதுவும் கேட்காமலேயே. "தாய் வயித்துக்குத் தக்கனதான் குட்டி வளருமாம். ஆம்பள எவ்வளவு பெரிசா இருந்தா என்ன, வயிறு பாத்துக்கும்ங்கிறாரு." டாக்டர் பொய் சொல்ல மாட்டார். மிக்கேலும் பொய் சொல்ல மாட்டான். வயிறு பார்த்துக்கொள்ளும். அப்படியானால் அவள் வயிற்றுக்கு ஏன் தெரியவில்லை, வாசல் இவ்வளவுதான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையா. இரண்டாம் சுற்று. ஒருவேளை குதிரைக்கு அப்படி இருக்கலாம், மனுஷிக்கு வேறாக இருக்கலாம். ஒருவேளை லில்லிக்கு ஒன்றும் ஆகாது. ஒருவேளை இது லில்லியைப் பற்றிய பயமே இல்லை. அந்த எண்ணம் வந்ததும் கை நின்றது. தன் வலியைக் கொண்டுபோய் வாயில்லாத ஒரு ஜீவன்மேல் ஏற்றி, அதற்கு வருகிற நல்லதைக் கெடுக்கப் பார்க்கிறாளோ. மிக்கேல் ஆசைப்படுவது தப்பில்லையே. ஏரிக்கரையில் டூரிஸ்டுகள் உயரமான குதிரையாகப் பார்த்துப் போகிறார்கள், லில்லிமேல் குழந்தைகள்தான் ஏறும், பெரியவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மற்ற குதிரைக்காரர்கள் "என்ன மிக்கேலு, பெருச்சாளிக்குச் சேணம் போட்டாச்சா" என்று தினமும் கேட்கிறார்கள், அவன் தினமும் சிரிக்கிறான், வீட்டுக்கு வந்து அதைச் சொல்வதில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நாலு கால் வெள்ளையாக ஒரு குட்டி அந்தக் கரையில் அவன் பின்னால் ஓடிவந்தால் எப்படி இருக்கும் என்று அவன் கண்ணில் தெரிகிறது. அதை எப்படி வேண்டாம் என்பது. மூன்றாம் சுற்று. இறுக்கிச் சுற்றினால் ரத்தம் கட்டிக்கொள்ளும், தளர்ந்தால் அவிழ்ந்துவிடும்.

பருவம் வந்ததை முதலில் கண்டதே அவள்தான். புதன்கிழமை காலையில் லில்லி வாலைத் தூக்கித் தூக்கி நின்றது, சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டது, ரோட்டில் போகிற கழுதையைப் பார்த்துக்கூடக் கனைத்தது. அவள் உடனே சொன்னாள், "என்னங்க, லில்லி பருவத்துக்கு வந்திருக்கு போல." அந்தப் பாதியைச் சொல்ல முடிந்தது. மீதிப் பாதி என்ன என்றால், ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வீரணன் அண்ணன் வருவாரு, அவரு குதிரைகிட்டக் காட்டிரலாமா என்பது. அது உள்ளேயே நின்றுவிட்டது. மிக்கேல் அதற்குள் போனை எடுத்துத் தனபாலைக் கூப்பிட்டுவிட்டான். வீரணன் கீழ்மலையில் ரோடு போகாத ஊர்க்காரர். காப்பிக்கொட்டையும் மலைப்பூண்டும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் ஏறி வருவார். அவர் குதிரைக்குக் கட்டையன் என்று பேர். லில்லியைவிட நாலு விரல்தான் உயரம், மண் நிறம், ஒரு காது கிழிந்தது, சுழி இருக்கிறதோ இல்லையோ யாரும் பார்த்ததில்லை. போன சந்தைக்கு முந்தின சந்தையில் லில்லியைப் பிடித்துக்கொண்டு அவள் தவிடு வாங்க நின்றபோது கட்டையன் படியில் இறங்கி வந்தது, முதுகில் இரண்டு மூட்டை. ஒவ்வொரு கல்லிலும் காலை வைத்து, கல் ஆடுகிறதா என்று பார்த்து, பிறகுதான் பாரத்தைப் போட்டது. மற்ற ஆண் குதிரைகள் மாதிரிக் கனைத்துக் குதித்து ஊரைக் கூட்டவில்லை. லில்லிக்குக் கிட்டே வந்து நின்றது, மூக்கை நீட்டியது, லில்லியும் மூக்கை நீட்டியது, இரண்டும் ஒன்றின் மூச்சை ஒன்று இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. "நல்ல பய தாயி," என்றார் வீரணன். "கடிக்க மாட்டான், ஒதைக்க மாட்டான். இவன் குட்டி எல்லாமே கையடக்கமா வரும்." கையடக்கமாக வரும். அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்துக்கொண்டாள், யாரிடமும் காட்டாமல். காட்ட யார் இருக்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னால் "குதிரை விஷயத்துல ஒனக்கென்னடி, மாப்பிள்ளைக்குத் தெரியாததா" என்பாள். மாமியார் சுழியைத்தான் கேட்பார். லில்லியிடம்தான் சொல்லியிருக்கிறாள், இதே இடத்தில், இந்த விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு, லில்லி கொள்ளு மெல்லுகிற சத்தம் எலும்புவழியாகத் தலைக்குள் கேட்கும், அதைப் பதில் என்று எடுத்துக்கொள்வாள்.

கடைசிச் சுற்று. நுனியை உள்ளே செருகி முடிச்சுப் போட்டாள். வால் வெள்ளையாக, கட்டுப்போட்ட கை மாதிரித் தொங்கியது, லில்லி அதை ஆட்டிப் பார்த்தது, ஈ ஓட்ட முடியாமல் திகைத்தது. பருவம் தப்பிப் போச்சுங்க, இனிமே கொண்டு போய்ப் பிரயோசனம் இல்ல என்று சொல்லிவிடலாமா. மிக்கேல் நம்புவான், லில்லி விஷயத்தில் அவள் சொன்னால் நம்புவான். ஆனால் லில்லியே காட்டிக்கொடுத்துவிடும், இதோ வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறது. அதோடு அடுத்த பருவத்துக்கு என்ன சொல்வது, அதற்கடுத்ததற்கு. பொய்க்கு ஆயுசு மூன்று வாரம். அவள் லில்லியின் இடுப்பில் கை வைத்தாள். மேலே இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கிற எலும்புக்கு நடுவில் சாண் வைத்துப் பார்த்தாள், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் இடுப்பில் அதே சாணை வைத்துப் பார்த்தாள். இதில் என்ன தெரிந்துவிடப் போகிறது. உள்ளே இருக்கிற வழி வெளியில் தெரியாது, அன்றைக்கு அவளுக்கும் யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் விஷயம். தெரியாதபோது ஏன் பெரிசைத் தேட வேண்டும், முதல் குட்டிக்கு. அடுத்தது பார்த்துக்கொள்ளலாமே. இரண்டாவது குட்டிக்குப் பஞ்சகல்யாணியிடம் போகட்டும், சுழி எங்கேயும் ஓடிவிடாதே. இது நல்ல பேச்சாக இருக்கிறது, இதைச் சொல்லலாம், என்னங்க, மொதக் குட்டி மட்டும். மொதக் குட்டி மட்டும். கை முடிச்சில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. முடிச்சு நழுவியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, வேட்டித்துணி அவள் கையில் சுருண்டு சுருண்டு வந்தது, வால் விரிந்து விழுந்தது, லில்லி பளீரென்று ஒரு ஈயை அடித்தது, நுனி அவள் கன்னத்தில் பட்டது. வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடட்டும். வருவான், பார்ப்பான், புரிந்துகொள்வான். இல்லை, புரிந்துகொள்ள மாட்டான், "இன்னும் கட்டலையா, கொடு இங்க" என்று துணியை வாங்கி அவனே நாலு சுற்றில் கட்டிவிடுவான், அவனுக்கு அது கட்டாத வால், அவ்வளவுதான். அவிழ்த்த வால் என்று அவள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். வெளியே பலகையை வண்டியில் சாய்க்கிற சத்தம் தடால் என்று கேட்டது. பெரிய பெரிய காரணமெல்லாம் கலைந்துபோய், அவளிடம் மிச்சமிருந்தது அந்த மத்தியானம் மட்டும்தான், வாயில் நூல், கட்டில் கம்பியின் குளிர், அப்போது கத்தியிருந்தால் வெளியே டீக்கடைவரைக்கும் கேட்டிருக்குமோ, கேட்டிருந்தால் அவன் பன்னைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து…

"ஏ ஜெசி! ஆச்சா இல்லையா? குமரவேல் நிக்கிறான்ல, ஓட்டிட்டு வா!"

துணிச்சுருளைக் கையில் பிடித்தபடி அவள் கொட்டகை வாசலுக்கு வந்தாள். இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். குமரவேல் இருக்கிறான், அவன் முன்னால் எப்படி. கழுத்து வேர்த்தது. "ஆச்சுங்க," என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். பிறகு, "இல்லங்க. கட்டினேன், நான்தான் அவுத்துட்டேன்," குரல் எங்கிருந்தோ பெரிதாக வந்தது, உள்ளே ஷைனி சிணுங்கினாள், அவள் நிறுத்தவில்லை, "லில்லிய இந்த வண்டியில ஏத்த வேணாம். ஞாயித்துக்கிழமை வீரணன் அண்ணன் வருவாரு, கட்டையன்கிட்டக் காட்டுவோம், மொதக் குட்டிக்கு மட்டும். டாக்டர் சொன்னது இருக்கட்டும், எனக்குத் தெரியும், எனக்குன்னா, நான் அன்னைக்கு அந்தக் கட்டில்ல கெடந்தப்ப நீங்க வெளியில…"